விண்டோஸ் தளத்தில் யூனிக்ஸ் கருவிகள்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மின்கருவி ஒன்றின் முளைகள் நம் வீட்டுச் சுவரில் உள்ள பிளக் துளைகளில் பொருந்துவதில்லை. கடையில் ஓர் அடாப்டர் வாங்கிச் செருகினால் முளைகள் பொருந்திவிடும். ஆனால் அக்கருவி 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டதாயின், நம் 230 வோல்ட் அதனுள் பாயும்போது என்ன நிகழும் என்பதை இயற்பியல் படிக்கும் மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை. முளையின் வடிவம் வேறு, மின்னழுத்தம் வேறு.

கணிப்பொறி உலகிலும் இத்தகைய அடாப்டர்கள் பல உண்டு. அவற்றுள் ஒரு வகையை இக்கட்டுரையில் மதிப்பிட முற்படுகிறேன். யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையில் பிறந்த கருவிகளை, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் சர்வரில் ஓடச் செய்யக் கடந்த முப்பது ஆண்டுகளாக நடைபெற்றுவரும் முயற்சிகளே அவை. பலருக்கும் ஒரே நேரத்தில் பணிபுரியும் பொதுக் கணிப்பொறியைச் சர்வர் என்கிறோம். இம்முயற்சிகளில் எவை முளையை மட்டும் மாற்றின, எவை மின்னழுத்தத்தையும் கவனித்தன என்பதே நம் கேள்வி.

சிறு கருவிகளும் ஒரு குழாயும்

யூனிக்ஸ், 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் முயற்சியால் தோன்றியது. டக் மெக்கில்ராய் வலியுறுத்திவந்த ஒரு கருத்து 1973-இல் அதில் இடம்பெற்றது. ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரலின் உள்ளீடாக நேரே செலுத்தும் 'குழாய்' என்பதே அக்கருத்து.

இதன் ஆற்றலை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஓர் ஆண்டு முழுவதும் மணிக்கு ஒருமுறை எடுத்த வெப்பநிலை அளவுகள் ஒரு கோப்பில் உள்ளன எனக் கொள்வோம். மொத்தம் 8760 வரிகள். 'கிரெப்' என்னும் கருவி மே மாத வரிகளை மட்டும் பொறுக்கும். 'சார்ட்' அவற்றை வரிசைப்படுத்தும். 'யூனிக்' ஒரே அளவு எத்தனை முறை வந்தது என்று எண்ணும். மூன்றையும் குழாயால் இணைத்தால், தனி நிரல் எதுவும் எழுதாமலே ஒரே வரியில் விடை கிடைத்துவிடும். ஒவ்வொரு கருவியும் ஒரு வேலையை மட்டுமே செய்கிறது. அவற்றுக்குப் பொது மொழியாக இருப்பது வெற்று எழுத்துகளாலான உரை.

இக்கருவிகள் காற்றில் மிதப்பவை அல்ல என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அவை சில அடிப்படைகளை நம்பி நிற்கின்றன. கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. ஒவ்வொரு வரியும் ஒரே ஒரு முடிவுக்குறியால் முடியும். ஓடும் நிரல் தன்னைத்தானே இரட்டிக்கும் 'ஃபோர்க்' என்னும் செயல் மிகவும் மலிவானது. கணிப்பொறியின் அமைப்புகள் பெரும்பாலும் உரைக் கோப்புகளில் எழுதப்பட்டிருக்கும். இவையே யூனிக்ஸின் 'மின்னழுத்தம்'. விண்டோஸில் இவற்றுள் பெரும்பாலானவை வேறுபடுகின்றன.

காகிதத்தில் நிறைவேறிய வாக்குறுதி

யூனிக்ஸ் பல நிறுவனங்களின் கையில் பல வடிவம் எடுத்தபோது, அவற்றுக்குப் பொதுவான இலக்கணமாகப் போசிக்ஸ் என்னும் தரம் 1988-இல் வகுக்கப்பட்டது. அமெரிக்க அரசுத் துறைகள் கணிப்பொறி வாங்கும்போது இத்தரத்தைக் கோரத் தொடங்கின. 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. 3.1, தன்னுள் ஒரு போசிக்ஸ் துணையமைப்புடன் வந்தது.

இதைப் பாராட்டவும் காரணம் உண்டு. என்.டி.யை வடிவமைத்த டேவ் கட்லர் குழுவினர், ஒரே உட்கருவின் மேல் பல ஆளுமைகள் நிற்கும்படி அதை அமைத்திருந்தனர். அதன் கோப்பு முறைமை, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டைக் காக்கும் திறனையும் பெற்றிருந்தது. ஆனால் அத்துணையமைப்பில் இருந்தது தரத்தின் முதற்பகுதி மட்டுமே. வலைத்தொடர்புக்கு அதில் வழியில்லை; திரையில் சாளரம் வரைய வழியில்லை; விண்டோஸின் பிற வசதிகளை அழைக்கவும் வழியில்லை. பெட்டியைத் திறந்தால் பயன்படுத்தத்தக்க ஷெல்லும் இல்லை. சட்டத்தின் எழுத்து நிறைவேறியது. பயனாளியின் தேவை நிறைவேறவில்லை. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தபோது இத்துணையமைப்பு சத்தமின்றி மறைந்தது. அதற்காக வருந்தியவர் அதிகம் இருந்திருக்க முடியாது.

இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்

1995-இல் சிக்னஸ் நிறுவனத்தில் தோன்றிய சிக்வின் வேறு வழியைப் பின்பற்றியது. யூனிக்ஸ் கருவியின் மூல நிரலை விண்டோஸுக்காக மீண்டும் தொகுப்பது. அக்கருவி யூனிக்ஸ் பாணியில் கேட்பதையெல்லாம், இடையில் நிற்கும் ஒரு நூலகம் விண்டோஸ் மொழியில் பெயர்த்துக் கேட்பது. இதுவே அதன் உத்தி.

நூற்றுக்கணக்கான கருவிகளை இவ்வாறு கொண்டுவந்து, முப்பது ஆண்டுகளாகக் காத்துவரும் அதன் தொண்டர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். எனினும், மொழிபெயர்ப்பில் சிக்காத சொல் ஒன்று உண்டு. அதுதான் மேலே குறிப்பிட்ட ஃபோர்க். யூனிக்ஸில் நிரல் இரட்டிக்கும்போது நினைவகம் உடனே நகலெடுக்கப்படுவதில்லை. இரண்டும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும். எது எழுத முற்படுகிறதோ அப்பக்கம் மட்டுமே நகலாகும். விண்டோஸ் நிரல்களுக்கு வழங்கப்பட்டுள்ள வழியோ, புதிய நிரலைத் தொடக்கத்திலிருந்து தொடங்குவது. ஆகவே சிக்வின், புதிய நிரல் ஒன்றைத் தொடங்கி, அதை நிறுத்திவைத்து, தாய் நிரலின் நினைவகத்தை அதனுள் முயன்று நகலெடுக்கிறது. ஆயிரம் சிறு கருவிகளை அடுத்தடுத்து அழைக்கும் கட்டளைத் தொடர், லினக்ஸில் நொடியில் முடிந்தாலும் இங்குத் தவழ்ந்து செல்வதற்கு இதுவே காரணம்.

வேகம் மட்டுமன்று. நகல் சரியாக அமைய வேண்டுமெனில், நூலகங்கள் இரு நிரல்களிலும் நினைவகத்தின் ஒரே முகவரியில் அமர வேண்டும். 2007-இல் வந்த விஸ்டா முதல், பாதுகாப்பு கருதி அம்முகவரிகளை விண்டோஸ் கலைத்துப்போடத் தொடங்கியது. வைரஸ் எதிர்ப்பு நிரல்கள் தம் நூலகங்களையும் இடையில் நுழைக்கும். நேற்றுவரை ஓடிய கட்டளைத் தொடர் இன்று 'இரட்டிக்க இயலவில்லை' என்று நிற்கும். கருவியிலும் குற்றமில்லை, அதை எழுதியவரிடமும் குற்றமில்லை. கீழே தளம் நகர்ந்திருக்கிறது.

வளர்ந்தபின் அகற்றப்பட்ட தளம்

என் மதிப்பீட்டில் தொழில்நுட்பத்தால் மிகச் சிறந்த முயற்சி இன்டரிக்ஸ் என்பதே. சாப்ட்வே சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம், என்.டி. உட்கருவின் மேலேயே முழுமையான யூனிக்ஸ் துணையமைப்பொன்றை எழுப்பியது. இது நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அன்று. விண்டோஸின் வழக்கமான முகத்துக்குப் பக்கத்தில், உட்கருவோடு நேரே பேசும் மற்றொரு முகம். ஃபோர்க் இங்கு இயல்பாக நிகழ்ந்தது. ஷெல்லும் கருவிகளும் தொகுப்பியும் இருந்தன. முதல் முயற்சியில் இல்லாத வலைத்தொடர்பும் வந்தது.

1999-இல் மைக்ரோசாப்ட் இதை வாங்கியது. 2004-இல் 'சர்வீசஸ் ஃபார் யூனிக்ஸ் 3.5' என்ற பெயரில் கட்டணமின்றி வழங்கியது. அடுத்து வந்த சர்வர் 2003 ஆர்2 பதிப்பில் அது இயக்க முறைமையின் ஓர் உறுப்பாகவே ஆயிற்று. யூனிக்ஸை விட்டு விண்டோஸுக்கு வாருங்கள், உங்கள் பழைய நிரல்களையும் உடன் கொண்டுவாருங்கள் என்ற அழைப்பு அதில் இருந்தது. அதை நம்பி வந்தவர்கள் உண்டு.

பிறகு நிகழ்ந்ததைக் கவனியுங்கள். 2012-இல் வெளியான சர்வர் 2012, இவ்வுறுப்பைக் 'கைவிடப்பட இருப்பது' என்ற பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டே வந்த சர்வர் 2012 ஆர்2-இல் அது அறவே இல்லை. இதைத் தாங்கிய கடைசிப் பதிப்பான சர்வர் 2012-க்கான வழக்கமான ஆதரவும் 2023 அக்டோபரில் முடிந்தது.

நிறுவனம் முன்னறிவிப்புத் தந்தது என்பது உண்மை. ஒரு வணிக நிறுவனம் தன் உறுப்பொன்றைக் கைவிட உரிமை பெற்றது என்பதும் உண்மை. ஆயினும் ஒரு முரண்பாட்டைச் சுட்டாதிருக்க முடியாது. தன் சொந்த விண்டோஸ் நிரல்களுக்குப் பல பத்தாண்டுகள் பழைய இசைவைக் காப்பதில் மைக்ரோசாப்ட் காட்டிய அக்கறை, கணிப்பொறி வரலாற்றிலேயே அரியது. 1990-களின் 32 பிட் நிரல்கள் பல இன்றும் ஓடுகின்றன. அதே இல்லத்தில் யூனிக்ஸ் துணையமைப்போ எப்போதும் விருந்தாளியாகவே நடத்தப்பட்டது. வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் அறை விருந்தாளிக்குக் கிடைப்பதில்லை.

தளம் நகர்ந்த விதங்கள்

துணையமைப்பு எதுவுமின்றி, தனித்தனி விண்டோஸ் நிரல்களாகவே மாற்றப்பட்ட யூனிக்ஸ் கருவிகளும் உண்டு. அவற்றுக்காவது அமைதி கிடைத்ததா? இதோ மூன்று நிகழ்வுகள்.

முதலாவது: விஸ்டாவில், அமைப்பை மாற்றும் நிரல்கள் உரிமையாளரின் அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் எந்தப் பழைய 32 பிட் நிரல் நிறுவல் நிரல் என்று கண்டறிய, விண்டோஸ் அதன் பெயரையும் பார்த்தது. 'இன்ஸ்டால்', 'செட்டப்', 'அப்டேட்' போன்ற சொற்கள் பெயரில் இருந்தால் ஐயத்துக்குரியது. யூனிக்ஸில் 'பேட்ச்' என்பது, உரைக் கோப்பில் திருத்தங்களைப் புகுத்தும் எளிய கருவி. பெயர் காரணமாக அதுவும் சிக்கிக்கொண்டது. ஓர் உரை வரியைத் திருத்தக் கணிப்பொறியின் முழு அதிகாரத்தையும் கேட்டு அது நின்றது.

இரண்டாவது: 2009-இல் வந்த சர்வர் 2008 ஆர்2 முதல் 64 பிட் பதிப்பு மட்டுமே. 32 பிட் நிரல் ஒன்று 'சிஸ்டம்32' என்னும் அடைவைக் கேட்டால், விண்டோஸ் அதை ஓசையின்றி வேறோர் அடைவுக்குத் திருப்பிவிடும். ஆகவே பழைய 32 பிட் 'எல்.எஸ்.' கருவி காட்டும் பட்டியல், கேட்ட அடைவின் பட்டியல் அன்று. பிழைச் செய்தியும் வராது. அளவுகோல் முறிந்தால் தெரிந்துவிடும்; அளவுகோல் பொய் சொன்னால் எப்படித் தெரியும்?

மூன்றாவது: 2016-இல் சர்வரோடு வந்த நானோ சர்வர் என்னும் சிறு வடிவம், 32 பிட் நிரல்களை ஏற்கவே மறுத்தது. சிக்வினும் 2022 இறுதியில் 32 பிட் விண்டோஸை விட்டுவிட்டது.

இம்மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நியாயம் உண்டு. பாதுகாப்பும் வளர்ச்சியும் தேவையே. விலையைக் கொடுத்தவர் யார் என்பதுதான் கேள்வி. பெரிய நிறுவனம் ஆட்களை அமர்த்தி நிரல்களை மாற்றி எழுதிக்கொள்ளும். தன்னந்தனியாக ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்பவர், பத்தாண்டுக்கு முன் யாரோ எழுதிவைத்த நாற்பது வரிக் கட்டளைத் தொடர் ஏன் நின்றது என்று இரவெல்லாம் தேட வேண்டியிருக்கும்.

உரையா, பொருளா?

நியாயத்துக்கு மறுபக்கமும் உண்டு. யூனிக்ஸ் கருவிகளைக் கொண்டுவந்தால் போதும், விண்டோஸ் வசப்பட்டுவிடும் என்று எண்ணுவோர் ஓர் உண்மையை மறக்கின்றனர். யூனிக்ஸில் அமைப்புகளும் நிகழ்வுப் பதிவுகளும் பெரும்பாலும் உரைக் கோப்புகள். கிரெப் அவற்றைத் துழாவும். விண்டோஸிலோ அமைப்புகள் 'ரெஜிஸ்ட்ரி' என்னும் தனிக் களஞ்சியத்தில் உள்ளன. நிகழ்வுப் பதிவுகள் உரையல்லாத வடிவில் உள்ளன. நெல் அறுக்கும் அரிவாள் எவ்வளவு கூர்மையாயினும் தென்னையில் காய் பறிக்க உதவாது.

ஜெஃப்ரி ஸ்னோவர் இதை உணர்ந்தார். யூனிக்ஸ் கருவிகளால் விண்டோஸை ஆள முடியாமைக்குக் காரணம் இவ்வேறுபாடே என்று கண்டு, 2002-இல் புதிய ஷெல்லொன்றின் கொள்கையை எழுதினார். அதுவே 2006-இல் பவர்ஷெல்லாக வெளிவந்தது. அதன் குழாயில் பாய்வது உரையன்று. பெயரிட்ட பண்புகளைக் கொண்ட பொருள்கள். மூன்றாவது பத்தியை வெட்டு என்பதற்கு மாறாக, கோப்பின் அளவைக் கொடு என்று கேட்கலாம். 'புரோகிராம் ஃபைல்ஸ்' போன்று இடைவெளியுள்ள பெயர்களில் யூனிக்ஸ் கருவிகள் தடுமாறும் இடத்தில் இது தடுமாறுவதில்லை. இது அடாப்டர் அன்று. அந்த மின்னழுத்தத்துக்கென்றே செய்த கருவி. குழாய் என்ற கருத்தை யூனிக்ஸிடமிருந்து பெற்று, தன் மண்ணுக்கேற்ப வளர்த்த செயல் இது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இங்கும் இரு குறைகள். 'கர்ல்' என்பது வலையிலிருந்து தரவு பெறும் புகழ்பெற்ற கருவி. சர்வரோடு இன்றும் வரும் விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இல் அப்பெயரைத் தட்டினால், வேறொரு கட்டளை ஓடும். அதன் விருப்பக் குறிகளும் வேறு. உண்மையான கர்ல் 2018 முதல் விண்டோஸிலேயே இருந்தும், பெயர் வேறிடத்துக்கே போகிறது. பழகிய பெயரை வேறு பொருளுக்கு ஒட்டுவது உதவியன்று. பின்னர் வந்த பவர்ஷெல் பதிப்புகளில் இந்த ஒட்டு நீக்கப்பட்டது நல்லதே.

இரண்டாவது, அதே 5.1 பதிப்பு ஒரு வெளியீட்டைக் கோப்பில் திருப்பி எழுதும்போது, ஆங்கில எழுத்தொன்றுக்கு இரண்டு பைட்டாக எழுதும். அதில் ஒன்று சுழியம். அக்கோப்பில் யூனிக்ஸ் கிரெப் தேடினால், கண்ணெதிரே உள்ள சொல்லும் அதற்குக் கிட்டாது. தமிழுக்கும் இது பொருந்தும். 'க' என்னும் எழுத்து யூ.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட், இம்முறையில் இரண்டு. எம்முறையில் எழுதினோம் என்று தெரியாமல் தேடினால் நம் மொழி நமக்கே கிடைக்காது.

மூன்றாம் முயற்சி

2016-இல் மைக்ரோசாப்ட் மீண்டும் வந்தது. லினக்ஸுக்கான விண்டோஸ் துணையமைப்பு, சுருக்கமாக டபிள்யூ.எஸ்.எல்., மீண்டும் தொகுக்காமலே லினக்ஸ் நிரல்களை அப்படியே ஓட்டியது. லினக்ஸ் உட்கருவுக்கு நிரல் விடுக்கும் அழைப்புகளை என்.டி. உட்கருவே பெயர்த்து ஏற்றது. திறமையான பொறியியல்தான், ஆயினும் எண்ணற்ற சிறு கோப்புகளைத் தொடும் வேலைகளில் மெதுவாக இருந்தது. 2020-இல் பொதுப் பயனுக்கு வந்த இரண்டாம் வடிவம், மொழிபெயர்ப்பையே விட்டுவிட்டு, மெய்யான லினக்ஸ் உட்கருவை ஒரு சிறிய மாயக் கணிப்பொறிக்குள் வைத்து ஓட்டுகிறது. 120 வோல்ட் கருவிக்கு 120 வோல்ட் தரும் மின்மாற்றியை வீட்டுக்குள்ளேயே வைத்ததற்கு ஒப்பாகும் இது.

கருவிகள் இப்போது சரியாக ஓடுகின்றன. ஆனால் எங்கே ஓடுகின்றன? அங்கு 'பி.எஸ்.' என்று தட்டினால், ஓடும் லினக்ஸ் நிரல்கள் தெரியும். விண்டோஸ் நிரல்கள் தெரியா. விண்டோஸ் பக்கத்துக் கோப்புகளை அங்கிருந்து தொட்டால் வேகம் குறைகிறது. லினக்ஸ் கற்க, நிரல் எழுத இது அருமையான ஏற்பாடு. விண்டோஸ் சர்வரையே யூனிக்ஸ் கருவியால் ஆள விரும்பியவரின் பழைய கனவு மட்டும் அப்படியே நிற்கிறது.

இம்முறை ஒரு வேறுபாடு உண்டு. 2025 மே மாதத்தில், சில பகுதிகள் நீங்கலாக, இத்துணையமைப்பின் மூல நிரல் யாவருக்கும் திறந்துவிடப்பட்டது. இன்டரிக்ஸ் அகற்றப்பட்டபோது பயனாளிகளின் கையில் எதுவும் மிஞ்சவில்லை. இம்முறை ஓரளவேனும் மிஞ்சும்.

என் முடிவு

மூன்று தேர்வுகளால் இம்முயற்சிகளை எடைபோடலாம். கருவி உண்மையாக வேலை செய்கிறதா? அது ஆள வந்த பொருளை அதனால் தொட முடிகிறதா? நாளையும் இருக்குமா? முதல் போசிக்ஸ் மூன்றிலும் தோற்றது. சிக்வின் முதலாவதில் பெரும்பாலும் தேறி, மூன்றாவதில் தொண்டர்களின் உழைப்பால் வென்றது. இன்டரிக்ஸ் முதலாவதில் சிறப்பாகத் தேறி, மூன்றாவதில் வீழ்ந்தது. பவர்ஷெல் இரண்டாவதில் முதலிடம் பெறுகிறது. டபிள்யூ.எஸ்.எல். முதலாவதில் நிறைமதிப்பெண் பெற்று, இரண்டாவதில் பின்தங்கி, மூன்றாவதில் காலத்தின் தீர்ப்புக்குக் காத்திருக்கிறது.

மாணவ நண்பர்களே, நீங்கள் எந்தத் தளத்தில் வேலை செய்தாலும் சில எளிய சோதனைகளைச் செய்துபாருங்கள். இடைவெளியுள்ள பெயரொன்றைக் கோப்புக்கு இட்டுக் கருவி தடுமாறுகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் எழுதிய கட்டளைத் தொடரை லினக்ஸுக்குக் கொண்டுபோகும் முன், ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் குறி ஒட்டியுள்ளதா என்று பாருங்கள். முதல் வரியில் அது இருந்தாலே தொடர் ஓடாமல் போகலாம். 'ஃபைண்ட்' என்று தட்டும்போது எந்த ஃபைண்ட் ஓடுகிறது என்று பாருங்கள். விண்டோஸிலும் அப்பெயரில் முற்றிலும் வேறான கருவி ஒன்று உண்டு. அளவுகோலைச் சோதித்த பிறகே அளவை நம்புவது ஆய்வுக்கூடத்தின் முதல் விதி. கணிப்பொறி அறைக்கும் அதுவே விதி.

கட்டளைத் தொடர் எழுதும்போது, அது எத்தளத்தில், எப்பதிப்பில், எந்தக் கருவியை நம்பி ஓடுகிறது என்பதை அதன் தலைப்பிலேயே இரு வரிகளில் குறித்துவையுங்கள். தளம் மீண்டும் நகரும் நாளில், உங்களுக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்பவருக்கு அவ்விரு வரிகள் ஓர் இரவு உறக்கத்தைத் தரும்.